பல்லூடக இதழியல் படிப்பு: எல்லாவற்றிலும் கொஞ்சமா, ஒன்றில் ஆழமா?

மழைக்குறிப்பு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில் பல்லூடக இதழியல் இளங்கலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேருவதற்கு முன் இந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பாடத்திட்டம் இப்படி: முதல் வருடம் செய்தி எழுதுதல், பேட்டி எடுத்தல், புகைப்படம். இரண்டாம் வருடம் ஒலி, காணொளி, தரவு இதழியல், இணையப் பக்க வடிவமைப்பு. மூன்றாம் வருடம் ஊடகச் சட்டம், அறம், கடைசியில் ஒரு பெரிய ப்ராஜெக்ட். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எதற்கும் ஒரு செமஸ்டருக்கு மேல் இல்லை. ஒரு செமஸ்டரில் கேமராவும் எடிட்டிங்கும் எவ்வளவு வந்துவிடும்? எதிலும் கைதேராமல் வெளியே வந்து நிற்பேனோ என்று பயமாக இருக்கிறது.

வீட்டில் கேட்கும் கேள்வி வேறு. "சாஃப்ட்வேரெல்லாம் யூடியூபைப் பார்த்தே பழகிக்கலாமே, அதுக்கு எதுக்கு மூணு வருஷம்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எழுதுவதுதான் எனக்கு இயல்பாக வருவது. கேமராவைத் தொட்டதுகூட இல்லை. இந்தப் படிப்பு எனக்கு என்ன தரும், எதைத் தராது? துறையில் சேரும் முன் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

வெட்டுமேசை

ஒரு செய்தி இணையதளத்தில் வீடியோ டெஸ்க்கில் இருக்கிறேன். படிப்பை முடித்துப் புதிதாக வருகிறவர்கள் எடுத்துவரும் ஃபுட்டேஜ் என் மேசைக்குத்தான் வரும்.

எடிட்டிங் சாஃப்ட்வேர் தெரியாமல் வருபவரைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை. பக்கத்தில் உட்கார வைத்தால் சில வாரங்களில் கைவந்துவிடும். களத்தில் எதை எடுப்பது என்று தெரியாமல் போய்த் திரும்புபவரைத்தான் யாராலும் காப்பாற்ற முடியாது. ஒரு தச்சரைப் பற்றிய கதை என்றால் அவர் பேசும் முகம் மட்டும் நீளமாக இருக்கும். கை இருக்காது, உளி இருக்காது, பட்டறை இருக்காது. பைட்டை, அதாவது அவர் பேசும் துண்டை, எந்த இடத்தில் வெட்டினாலும் அந்த வெட்டை மூட ஒரு ஷாட் கிடையாது.

இதற்கு வீடியோ இதழியல் பயிற்சியாளர் மைக்கேல் ரோசன்ப்ளம் பரப்பிய ஐந்து ஷாட் முறை ஒன்று உண்டு. வேலை செய்யும் கைகள் க்ளோசப்பில். பிறகு முகம். பிறகு ஆளையும் இடத்தையும் சேர்த்துக் காட்டும் வைட். பிறகு தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பதை நாமும் பார்ப்பது. கடைசியாக அந்த இடத்துக்கே உரிய, எதிர்பாராத ஒரு கோணம். ஒவ்வொன்றையும் கேமராவை அசைக்காமல் 10 நொடி பிடிக்க வேண்டும். இது ஏதோ அழகியல் விதி என்று நினைக்காதீர்கள். என்ன நடக்கிறது, யார் செய்கிறார், எங்கே, எப்படி என்று பார்ப்பவர் மனதில் கேள்விகள் எழும் வரிசைதான் அது. எழுத்தில் முதல் பத்தியில் சொல்ல வேண்டியவை என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும் அதே கேள்விகள்.

கேமராமேன் ஆவதற்கு ஒரு செமஸ்டர் போதாது. கேமரா கையில் இருக்கும்போது நிருபராக யோசிக்கப் பழகுவதற்குப் போதும். ஆனால் வாரம் தவறாமல் எடுக்க வேண்டும், எடுத்ததை விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்து எது போதவில்லை என்று சொல்ல வேண்டும். யூடியூபில் கிடைக்காதது அந்த இரண்டாவதுதான்.

ஒலித்தடம்

வெட்டுமேசை சொன்னதுக்கு ஒண்ணு சேர்த்துக்கறேன். படம் கொஞ்சம் ஆடினா ஜனங்க பொறுத்துக்குவாங்க. ஒலி கரகரன்னு இருந்தா உடனே மூடிட்டுப் போயிடுவாங்க. ஆனா பெரும்பாலான துறைகள்ல ஒலியைக் காணொளியோட வாலா சேர்த்து நடத்திட்டுப் போயிடறாங்க. உங்க துறையில அது தனிப் பாடமா இருக்கு. அதுவே நல்ல அடையாளம்.

கருவி பக்கம் தெரிஞ்சுக்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஹெட்ஃபோன் மாட்டாம ரெக்கார்ட் பண்ணக் கூடாது. மைக்கை வாய்க்குப் பக்கத்துல கொண்டுபோகணும். வேவ் ஃபைலா, காணொளியோட சேர்க்கறதா இருந்தா 48 கிலோஹெர்ட்ஸ்ல எடுக்கணும். உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் இருந்தா, யாராவது திடீர்னு சிரிச்சாலும் வெடிக்காது. பேட்டி முடிஞ்சதும் யாரையும் பேச விடாம அந்த அறையோட வெறும் ஒலியை ஒரு நிமிஷம் பதியணும். எடிட்ல ஒரு வார்த்தையை எடுத்தா அங்க விழற பள்ளத்தை நிரப்பறது அதுதான்.

கஷ்டம் கேள்வி கேட்கறதுல இருக்கு. "அன்னைக்கு பயமா இருந்துச்சா?"ன்னு கேட்டா "ஆமா"ன்னு சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. எழுத்துல அதை வெச்சு நீங்க ஒரு வாக்கியம் எழுதிடலாம். ஒலியில அந்த "ஆமா" எதுக்கும் ஆகாது. "கதவைத் திறந்தப்ப என்ன பாத்தீங்க?"ன்னு கேட்டா கதை வரும். பதில் வரும்போது நாம "ம்ம்", "சரி சரி"ன்னு சொல்லாம தலையை மட்டும் ஆட்டிக் கேட்கப் பழகணும். அப்புறம் ஸ்கிரிப்ட். கேட்கறவங்க திரும்பிப் போய்ப் படிக்க முடியாது. வாக்கியத்துக்கு ஒரு சேதி, ஒரு எண். அதுக்கு மேல போனா காதுல நிக்காது.

எழுத வர்றவங்க ஒலிக்குச் சீக்கிரம் வந்துடுவாங்க. தைரியமா வாங்க.

நேர்வழி

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிய விரும்புகிறேன். நான் நீண்ட காலமாக அச்சு நாளிதழில் நிருபர்.

இளங்கலையில் இதழியல் படிக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். பொருளாதாரம், சட்டம், புள்ளியியல், உயிரியல், வரலாறு, எதையாவது ஒன்றை ஒழுங்காகப் படியுங்கள். பிறகு ஓராண்டு இதழியல் பட்டயமோ முதுகலையோ போதும். அரசின் வரவு செலவு அறிக்கை வெளியாகும் நாளில் அதைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர்தான் செய்தி அறைக்குத் தேவை. அதைப் படம்பிடிக்க ஆள் இருக்கிறது. ஒரு மருத்துவ ஆய்வில் ஒப்பீட்டுக் குழு (மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள்) இருந்ததா இல்லையா என்று பார்க்கத் தெரியாதவர் கையில் மிக நல்ல கேமரா இருந்து என்ன பயன்? தவறான தகவல் மிகத் துல்லியமான படத்தோடு வெளியே போகும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. பல்லூடகம் என்ற பெயரில் நான்கு பேர் செய்த வேலையை ஒருவர் தலையில் கட்டுகிறார்கள். விபத்து நடந்த இடத்தில் நிற்கும் நிருபர் நேரலை செய்ய வேண்டும், படம் எடுக்க வேண்டும், செய்தி எழுத வேண்டும், சமூக ஊடகத்துக்குத் துண்டு வெட்ட வேண்டும். அங்கே நிற்கும் மனிதர்களிடம் பேச அவருக்கு எப்போது நேரம்? இந்தப் படிப்பு மாணவர்களை அந்த நிலைமைக்குத் தயார்செய்து அனுப்புகிறது என்பதுதான் என் வருத்தம்.

கரும்பலகை

இந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் நடத்துகிறவன். நேர்வழி எழுப்பிய இரண்டும் நியாயமான கவலைகள். முதலில் மழைக்குறிப்பின் கேள்விக்கு வருகிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இணைய இதழியல் வகுப்புகளில் எவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள் தெரியுமா? வாசகர் தொட்டு இயக்கும் ஊடாடும் பக்கங்களுக்கு ஃப்ளாஷ். சமூக ஊடகப் பதிவுகளைத் தொகுக்க ஸ்டோரிஃபை. தரவை வரைபடமாக்க கூகுள் ஃப்யூஷன் டேபிள்ஸ். ஸ்டோரிஃபை 2018 மே மாதம் மூடப்பட்டது. ஃப்யூஷன் டேபிள்ஸ் 2019 டிசம்பரில் போனது. ஃப்ளாஷுக்கு அடோபி 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவை நிறுத்தியது. அதோடு உலகம் முழுக்கச் செய்தி நிறுவனங்கள் பாடுபட்டுச் செய்த எத்தனையோ ஊடாடும் படைப்புகள் திறக்க முடியாமல் போயின. அந்தக் கருவிகளை மட்டும் கற்றுக்கொண்டு பட்டம் வாங்கியவர் கையில் இன்று என்ன இருக்கும்? அதே வகுப்பில் ஒரு நேரவரிசை எப்போது தேவை, வரைபடம் எப்போது வாசகரைக் குழப்பும், ஒரு பதிவை எடுத்தாளும் முன் எழுதியவர் யாரென்று எப்படி உறுதிசெய்வது என்று கற்றவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் இன்று நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் இலவசமாகத் தரும் டைம்லைன் கருவியையோ, தரவை வரைபடமாக்கும் டேட்டாராப்பரையோ ஒரு மாலைப் பொழுதில் பழகிக்கொண்டு வேலையைத் தொடர்வார்.

ஆகவே துறையிடம் "எந்த சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுப்பீர்கள்?" என்று கேட்காதீர்கள். "மாணவர்களின் வேலை எங்கே வெளியாகிறது? வெளியாகும் முன் அதை யார் படிக்கிறார்கள்? எத்தனை முறை திருப்பி அனுப்புகிறார்கள்?" என்று கேளுங்கள். 1908 இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி தொடங்கியபோது, வகுப்புகள் ஆரம்பித்த அன்றே மாணவர்கள் தயாரித்த நாளிதழும் வெளிவந்தது. ஊருக்காக வெளியிடப்பட்ட உண்மையான செய்தித்தாள். அதே பல்கலைக்கழகம் பிற்பாடு வணிகத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றையும் நடத்தத் தொடங்கியது, மாணவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். எல்லாத் துறைகளாலும் தொலைக்காட்சி நிலையம் நடத்த முடியாது. ஆனால் மாணவர் எழுதியதை வெளியில் இருக்கும் ஒரு வாசகர் படித்து, "என் பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்" என்று சொல்வதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதும்போது வராத பொறுப்பு அப்போதுதான் வரும்.

நேர்வழிக்கு: பொருளறிவு வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை. நல்ல பாடத்திட்டங்களில் வேறு துறையிலிருந்து இரண்டு மூன்று தாள்கள் எடுக்க இடம் இருக்கும். மழைக்குறிப்பு, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இடம் இருந்தால் எளிதாக மதிப்பெண் வரும் தாளை எடுக்காமல், புள்ளியியலை எடுங்கள்.

மழைக்குறிப்பு

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. கரும்பலகை சார், ஒரு சந்தேகம். எந்தக் கதைக்கு எந்த வடிவம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பல்லூடகம் என்றால் எழுத்து, படம், காணொளி, வரைபடம் எல்லாமே ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

கரும்பலகை

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், மாணவர் ப்ராஜெக்டுகள் கனத்துப்போவதற்கும் அதுதான் காரணம்.

2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட "ஸ்னோ ஃபால்" என்ற கட்டுரையை எல்லா வகுப்பிலும் காட்டுவார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மலைப்பகுதியில் அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த பனிச்சரிவில் பனிச்சறுக்குக்காரர்கள் மூவர் இறந்ததைப் பற்றியது. ஜான் பிராஞ்ச் எழுதியது, 2013 இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க எல்லாரும் அதைப் போலவே பக்கம் உருள உருளப் படங்கள் நகரும் கட்டுரைகளைச் செய்தார்கள். பெரும்பாலானவை மறந்துபோயின.

அந்தக் கட்டுரையைப் பிரித்துப் பாருங்கள். முதுகெலும்பு எழுத்துதான், மிக நீளமான, உழைத்துச் சேகரித்த எழுத்து. யார் எந்த நேரத்தில் எந்தச் சரிவில் நின்றார்கள் என்பது வார்த்தையில் சொன்னால் குழம்பும். அங்கே மலையின் முப்பரிமாண வரைபடம் வருகிறது. பனி எவ்வளவு வேகத்தில் எந்த வழியாக இறங்கியது என்பதற்கு அசைவூட்டம். உயிர் பிழைத்தவர் என்ன உணர்ந்தார் என்பதற்கு அவர் முகமும் குரலும். எங்கே எழுத்து திணறுகிறதோ அங்கே மட்டும் வேறொன்று வந்து உதவுகிறது. எழுத்து ஏற்கெனவே சொல்லிவிட்டதைக் காணொளி திரும்பச் சொல்வதில்லை.

வகுப்பில் நான் கேட்பது இவ்வளவுதான்: இந்தக் காணொளியை எடுத்துவிட்டால் வாசகருக்கு எந்தத் தகவல் கிடைக்காமல் போகும்? மாணவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அதை எடுத்துவிட வேண்டும். இரவெல்லாம் உட்கார்ந்து எடிட் செய்த காணொளியை எடுக்கச் சொல்வது கொடுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எண்ணும்_எழுத்தும்

தரவு இதழியல் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் வருகிறேன். எழுத வரும், கணக்கு வராது என்று பயந்து இந்தத் தாளை ஒப்புக்குப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். மழைக்குறிப்பு அப்படிச் செய்துவிடக் கூடாது.

1967 இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் பெரும் கலவரம் நடந்தது. படிப்பறிவில்லாதவர்களும் நாட்டின் தென்பகுதியிலிருந்து புதிதாகக் குடியேறியவர்களும்தான் கலவரம் செய்தார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பிலிப் மேயர் என்ற நிருபர் சமூக அறிவியலாளர்களோடு சேர்ந்து, கலவரப் பகுதியில் வசித்தவர்களிடம் முறையாகக் கணக்கெடுப்பு நடத்தி, கணினியில் ஏற்றிப் பார்த்தார். கல்லூரி வரை போனவர்களும் பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் பங்கெடுத்திருந்தார்கள். ஊரே நம்பியது உண்மையில்லை. டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழுக்கு அந்தக் கலவரச் செய்திகளுக்காக 1968 இல் புலிட்சர் கிடைத்தது. இத்தனைக்கும் அவர் செய்த கணக்கு, இன்று ஒரு எக்செல் ஷீட்டில் பிவட் டேபிள் (தரவை வகைவாரியாகத் தொகுக்கும் அட்டவணை) போட்டால் வந்துவிடும் கணக்கு.

2016 இல் கசிந்து வெளியான பனாமா ஆவணங்கள் மாதிரி 1.15 கோடி கோப்புகளை யாரும் உங்களிடம் முதல் வருடத்தில் கொடுக்கப் போவதில்லை. வரிசைப்படுத்த, வடிகட்ட, சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் வேறுபாடு சொல்ல, சராசரியையும் இடைநிலையையும் (வரிசையில் நடுவில் வரும் எண்) எங்கே எது பொருந்தும் என்று பார்க்கத் தெரிந்தால் போதும். வட்டி விகிதம் 4 சதவீதத்திலிருந்து 5 ஆனால் அது ஒரு சதவீதப் புள்ளி உயர்வு, ஆனால் 25 சதவீத உயர்வு. இதைத் தப்பாக எழுதாத செய்தி அறையைக் காண்பது அரிது. நேர்வழி கேட்கும் பொருளறிவில் பாதி இந்தத் தாளிலேயே கிடைக்கும்.

நிழற்கடிகாரம்

உண்மைச் சரிபார்ப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் பாடத்திட்டத்தில் இதற்குத் தனித் தாள் இல்லை என்பதைக் கவனித்தேன். எந்தத் தாளுக்குள்ளாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களாகவே கற்க வேண்டும்.

2018 இல் ஒரு காணொளி பரவியது. ராணுவ உடையில் இருந்தவர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். கேமரூன் நாட்டில் நடந்ததாகச் சொன்னார்கள். அந்த அரசு முதலில் அதைப் பொய்ச்செய்தி என்றது. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு, வெளியாட்கள் பலருடன் சேர்ந்து அதைப் பிரித்து ஆராய்ந்தது. பின்னணியில் தெரிந்த மலைத்தொடரின் விளிம்புக் கோட்டைச் செயற்கைக்கோள் நிலப்பரப்போடு பொருத்தி இடத்தைக் கண்டார்கள். எந்தக் கட்டடம் எந்த மாதத்துச் செயற்கைக்கோள் படத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துக் காலத்தைச் சுருக்கினார்கள். சிப்பாய்களின் நிழல் சாய்ந்த கோணத்திலிருந்து நாட்களை இன்னும் நெருக்கி, 2015 மார்ச் 20 க்கும் ஏப்ரல் 5 க்கும் இடையே நடந்தது என்றார்கள். 2020 இல் ராணுவ நீதிமன்றம் சிப்பாய்கள் சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

அவர்கள் பயன்படுத்தியவற்றில் பெரும்பகுதி யாருக்கும் திறந்திருக்கும் செயற்கைக்கோள் படங்களும் சமூக ஊடகப் பக்கங்களும்தான். தேவைப்பட்டது பொறுமையும் முறையும். ஒரு படம் கைக்கு வந்ததும் முதலில் தலைகீழ்ப் படத் தேடல், அதாவது படத்தையே கொடுத்து இணையத்தில் தேடுவது, பழைய படமா என்று பார்க்க. பிறகு முதன்முதலில் பதிந்தவர் யார் என்று பின்னோக்கிப் போவது. அசல் கோப்பு கிடைத்தால் எடுத்த நேரமும் கருவியும் அதற்குள் பதிந்திருக்கலாம். குறுஞ்செய்திச் செயலி வழியாக வந்த படத்தில் அந்த விவரங்கள் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும், அதனால் அனுப்பியவரிடம் அசலைக் கேட்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு செய்த படங்கள் குவியும் காலத்தில் இது இன்னும் அடிப்படையாகிவிட்டது. அப்படிப்பட்ட படங்களைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவிகளை மட்டும் நம்பி எதையும் வெளியிட முடியாது. அவை தவறும். எடுத்தவரைத் தேடிப்பிடித்துப் பேசுவதற்கு ஈடு எதுவும் இல்லை.

கடைசிபெஞ்ச்

நான் இப்ப இதே மாதிரி ஒரு கோர்ஸ்ல கடைசி வருஷம். உள்ள இருக்கறவங்க பக்கத்துலேருந்து சொல்றேன்.

மழைக்குறிப்பு, நீங்க எழுதுறவங்கன்னு சொன்னீங்க இல்ல, குரூப் ப்ராஜெக்ட்ல உங்களை எப்பவும் ஸ்கிரிப்ட் எழுத வெச்சுடுவாங்க. கேமரா தெரிஞ்ச பையன் எப்பவும் கேமரா. மூணு வருஷம் கழிச்சு அவங்கவங்க வந்தப்ப தெரிஞ்சது மட்டும்தான் தெரியும். முதல் வருஷத்துலேயே வாயைத் திறந்து "இந்தத் தடவை நான் ஷூட் பண்றேன்"னு கேட்டு வாங்கணும். எங்க பேராசிரியர் ஒருத்தர் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் பொறுப்பைக் கட்டாயமா மாத்தி விட்டார். அந்த செமஸ்டர்லதான் எல்லாரும் கத்துக்கிட்டோம்.

போர்ட்ஃபோலியோவை மூணாவது வருஷம் பாத்துக்கலாம்னு விட்டா நடக்காது. முதல் செமஸ்டர்லேருந்தே ஒரு பக்கம் வெச்சு, நல்லா வந்ததை மட்டும் அதுல போடுங்க. குரூப்ல செஞ்சதுன்னா அதுல உங்க பங்கு என்னன்னு தெளிவா எழுதணும். இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கறவங்க ரொம்ப நேரம் பாக்க மாட்டாங்க, மூணு நல்ல வேலை இருந்தாப் போதும்.

இன்னொண்ணு, காணொளிக்கு சப்டைட்டில் போடறதையும் படத்துக்கு மாற்று உரை (படத்துல என்ன இருக்குன்னு சொல்ற வரி) எழுதறதையும் கடைசி நிமிஷ வேலையா வெக்காதீங்க. காது கேட்காதவங்களும் பார்வை இல்லாதவங்களும் நம்ம வாசகர்கள்தான். பஸ்ல சத்தம் இல்லாம பாக்கறவங்களுக்கும் அது உதவும்.

நேர்வழி

எண்ணும்_எழுத்தும், நிழற்கடிகாரம் இருவரும் எழுதியதைப் படித்தேன். இளங்கலையிலேயே இவற்றைச் சொல்லிக்கொடுக்கும் துறை என்றால் என் எதிர்ப்பைப் பாதி விலக்கிக்கொள்கிறேன். நான் பார்த்த பல பாடத்திட்டங்களில் இவை பெயருக்கு இருந்தன.

ஆனால் அறம், சட்டம் இரண்டையும் மூன்றாம் வருடத்தில் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. முதல் வருடமே மாணவர் கையில் கேமராவைக் கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள். அவதூறு என்றால் என்ன, குழந்தையின் முகத்தை எப்போது காட்டக் கூடாது, பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளம் பின்னணியில் தெரியும் தெருப்பெயரால்கூட வெளிப்பட்டுவிடும் என்பதெல்லாம் தெரியாமல் அவர் இரண்டு வருடம் படம் எடுத்துக்கொண்டிருப்பார். எழுத்தில் பெயரை மாற்றிவிடலாம். குரலையும் நடையையும் எப்படி மாற்றுவீர்கள்? பல்லூடகத்தில் ஒருவருக்கு ஏற்படக்கூடிய கேடு எழுத்தைவிட அதிகம், ஆகவே அறம் முதல் நாளே வர வேண்டும்.

2003 இல் ஈராக் போரின்போது லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸின் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி, அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக ஒட்டி அனுப்பினார். சிப்பாயின் கை ஒரு படத்தில் நன்றாக இருந்தது, குழந்தையைத் தூக்கிவந்தவர் மற்றொன்றில் நன்றாக இருந்தார். முதல் பக்கத்தில் வெளியான பிறகு, பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இருமுறை தெரிவதைக் கவனித்துவிட்டார்கள். வேலை போனது. இரண்டு படங்களும் உண்மையானவை, இரண்டும் அதே இடத்தில் எடுத்தவை. ஆனால் அச்சில் வந்த அந்தக் கணம் நடக்கவே இல்லை. இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் ஃபோனே அந்த ஒட்டுவேலையைச் செய்துகொடுக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மாணவர் கேமராவைத் தொடும் முன்பே பேசிவிட வேண்டும்.

கரும்பலகை

நேர்வழி சொல்வது சரி. எங்கள் துறையிலும் இதே வாதத்தை வைத்து, முதல் செமஸ்டரில் ஒப்புதல் பெறுவது பற்றிய பயிற்சியைச் சேர்த்திருக்கிறோம். படம் எடுக்கலாமா என்று கேட்பது மட்டும் ஒப்புதல் ஆகாது. எங்கே வெளியாகும், யார் பார்ப்பார்கள், இணையத்தில் எவ்வளவு காலம் இருக்கும் என்று அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். தலையை ஆட்டிய ஒருவருக்கு அது உலகம் முழுக்கத் தெரியும் என்று தெரிந்திருக்காது.

எடுப்பவரின் மனநிலையும் இதில் அடங்கும். களத்துக்கே போகாமல் மேசையில் உட்கார்ந்து வன்முறைக் காட்சிகளை நாள் முழுவதும் சரிபார்ப்பவர்களும் பாதிக்கப்படுகிறார்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது, திரையைச் சிறிதாக்கிக்கொள்வது, தேவைக்கு மேல் திரும்பத் திரும்ப ஓட்டாமல் இருப்பது என்று எளிய முறைகள் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்து வளர்ந்த, இதழாளர்களின் மன அதிர்ச்சியைக் கவனிக்கும் டார்ட் மையம் இதற்கென்றே வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது, மாணவர்களுக்கு அவற்றைக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

ஒருவர் தலையில் நான்கு வேலை என்ற கவலைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அது முதலாளிகளோடு தீர்க்க வேண்டியது, பாடத்திட்டத்தால் தீராது. ஆனால் நான்கையும் ஓரளவு அறிந்தவர்தான் "இதை ஒரே ஆளால் ஒரு நாளில் ஒழுங்காகச் செய்ய முடியாது, இன்னொருவரை அனுப்புங்கள்" என்று காரணத்தோடு வாதாட முடியும். ஒன்று மட்டும் தெரிந்தவரால் அதைக் கேட்கவும் முடியாது.

வெட்டுமேசை

கரும்பலகையின் கடைசிப் பத்தியை என் அனுபவத்திலிருந்து வழிமொழிகிறேன். எடிட்டிங் தெரிந்த நிருபர் காலையிலேயே என்னை அழைத்து, "பைட் நாலு, பி-ரோல் கம்மி, மூணு மணிக்கு முன்னாடி இது முடியாது" என்று சொல்லிவிடுவார். பி-ரோல் என்பது பேச்சுக்கு மேல் போடும் கை, உளி, பட்டறை போன்ற காட்சிகள். அதற்கேற்ப நானும் திட்டமிடுவேன். தெரியாதவர் மாலை வரை நம்பிக்கையோடு இருப்பார். எல்லாம் கொஞ்சம் தெரிந்திருப்பதன் பயன் அங்கேதான். ஆழம் ஒன்றில் தானாக வரும். இரண்டாம் வருடம் முடிவதற்குள் எந்த வேலையில் நேரம் போவதே தெரியவில்லை என்று உங்களுக்கே புரிந்துவிடும். கடைசி ப்ராஜெக்டை அதில் செய்யுங்கள்.

ஒலித்தடம்

மாணவர்களுக்கு நான் எப்பவும் காட்டறது கிராமப்புற இந்தியாவின் மக்கள் காப்பகம், பாரின்னு சொல்வாங்க. பத்திரிகையாளர் சாய்நாத் 2014 இல் தொடங்கின இணையதளம். தமிழ் உட்படப் பல மொழியில வருது. உழைக்கிறவங்களைப் பத்தி எழுத்து, படம், ஒலி, காணொளின்னு அந்தந்தக் கதைக்கு எது வேணுமோ அதை மட்டும் வெச்சிருப்பாங்க. கரும்பலகை சொன்ன கேள்வியை அதுல ஒவ்வொரு கதைக்கும் போட்டுப் பாருங்க, நல்ல பயிற்சி. வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடலாம்.

மழைக்குறிப்பு

சேருவது என்று முடிவுசெய்துவிட்டேன். அடுத்த வாரம் துறைக்குப் போகும்போது, மாணவர் வேலை எங்கே வெளியாகிறது, யார் திருத்துகிறார்கள், புள்ளியியல் தாள் எடுக்க முடியுமா, சரிபார்ப்பு எந்தத் தாளுக்குள் இருக்கிறது, கேமரா கையில் வரும் முன் அறமும் சட்டமும் எவ்வளவு சொல்லித்தருகிறார்கள், இவற்றைக் கேட்கப் போகிறேன். வீட்டிலும் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். அப்பா நிழற்கடிகாரம் எழுதியதை மட்டும் இரண்டு முறை படித்தார்.

கடைசியாக ஒன்று. சேர்வதற்கு முன் கேமரா வாங்க வேண்டுமா? எதில் பணம் போடுவது?

கடைசிபெஞ்ச்

கேமரா வாங்காதீங்க. துறையில கடன் கொடுப்பாங்க, முதல் வருஷம் ஃபோனே போதும். முதல்ல ஒரு நல்ல ஹெட்ஃபோன், அடுத்தது ஃபோன்ல மாட்டற காலர் மைக், அப்புறம் சின்ன டிரைபாட். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வோட இலவசப் பதிப்பு, ஒலிக்கு ஆடாசிட்டி, ரெண்டும் காசில்லாம கிடைக்கும். ரிசால்வ் மட்டும் கொஞ்சம் பலமான கணினி கேட்கும், துறையோட லேப்ல வெச்சுப் பண்ணிக்கலாம்.

வெட்டுமேசை

பணம் மிச்சமிருந்தால் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். எடுத்த அன்றே மூன்று பிரதி, இரண்டு வேறுவேறு வகை சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். அந்த மூன்றும் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கேமராவின் மெமரி கார்டை அழிக்க வேண்டும். ஃபைலுக்குத் தேதி, இடம், ஆள் என்று பெயர் வைக்கும் பழக்கத்தையும் முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள், எடிட் மேசையில் உட்காருகிறவர் உங்களை வாழ்த்துவார்.